நின்று வேலை பார்க்கும் மகளுக்கு

மேற்கு மாம்பலம்,
சென்னை-33.

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. பணி முடியும்போது குதிகால் எரிகிறது என்றாய். ஷூவுக்கு வெளியே தெரியாத அந்தக் குட்டைச் சாக்ஸ் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை நழுவி உள்ளே போய்விடுகிறது என்றாய். உடன் வேலை பார்க்கும் பெண், ஷூவுக்குள் பாதத்தின் அடியில் வைக்கிற ஜெல் சோல் வாங்கிப் போடச் சொன்னதாகவும் சொன்னாய். பேச்சு பாதியிலேயே நின்றுவிட்டதால், சொல்ல வேண்டியதையெல்லாம் உட்கார்ந்து எழுதிவிடுவோம் என்று தோன்றியது.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது, வாசலில் கழற்றி விட்டிருந்த உன் கறுப்பு பெல்லி ஷூவைத் துடைத்து வைக்கலாம் என்று கையில் எடுத்தேன். வலது ஷூவுக்குள் சாக்ஸ் காலோடு வராமல் சுருண்டு, முடிச்சுப் போல் கிடந்தது. உள்ளே ஒட்டியிருந்த மெல்லிய அட்டை, குதிகால் பதியும் இடத்தில் பளபளவென்று தேய்ந்தும், கட்டைவிரல் ஊன்றும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் குழிந்தும் இருந்தது. ஐந்து மாதம்கூட ஆகாத ஷூ அது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் நீ நாளெல்லாம் எப்படி நிற்கிறாய் என்பதை அந்தக் குழி எனக்குச் சொல்லிவிட்டது.

தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையில் 31 ஆண்டுகள் நின்றே சம்பாதித்தவன் நான். முதல் இருபது ஆண்டுகள் விரிப்பின் மேல் வெறுங்காலோடும், மேற்பார்வையாளரான பிறகு ஷூ அணிந்து பளிங்குத் தரையிலும் நின்றேன். ஒரு தீபாவளி வியாபாரம் முடிந்த மறுவாரம், காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தபோது குதிகாலில் ஆணி அடித்தாற்போல் வலித்தது. பத்து அடி நடந்த பிறகு குறைந்தது, மறுநாளும் அப்படியே. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடுகிற தடித்த நார்ப்பட்டை ஓயாத பாரத்தால் நொந்து, இரவில் கால் தளர்ந்திருக்கும்போது இறுகி, காலையில் முதல் அடியில் இழுபடுவதால் வருகிற வலி அது என்று மருத்துவர் விளக்கினார். நான் அவரிடம் போவதற்கு முன்பே ஒரு கடையில் மிக மென்மையான மெமரி ஃபோம் சோல் ஒன்றை வாங்கியிருந்தேன். விரலால் அழுத்தினால் பஞ்சு போல் அமுங்கி மெல்ல மேலே எழும்பியது. அந்த மென்மையில் மயங்கித்தான் வாங்கினேன். இரண்டே மாதத்தில் அது அப்பளம் போல் தட்டையாகிவிட்டது. அது மேலே எழும்பியிருந்த நாட்களிலோ என் குதிகாலை ஷூவின் விளிம்புக்கு மேலே தூக்கிவிட்டதால், இல்லாத ஷூ கடியும் சேர்ந்துகொண்டது.

ஆகவே, கடையில் கைக்கு இதமாக இருப்பதை வைத்து எதையும் வாங்கிவிடாதே. ஷூவுக்குள் இருக்கும் இடம் இவ்வளவுதான் என்று அளந்து விடப்பட்டது. அந்த இடத்தைக் காலும், சாக்ஸும், சோலும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று தடித்தால் மற்றொன்று நெருக்கப்படும். நம் அடையாறில் 1948 முதல் இயங்கிவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட நம்மவர் பாதங்கள் பொதுவாக அகலமானவை என்று அதில் தெரியவந்தது. நாம் இன்றும் பார்த்து வாங்குகிற எண்களோ அந்த நாடுகளிலிருந்து வந்தவை. அகலம் போதாத ஷூவுக்குள் தடித்த ஜெல் சோலையும் திணித்தால், சுண்டுவிரல் பக்கம் கால் ஆணி வருவதற்கு நாமே வழி செய்தவர்கள் ஆவோம். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும். அந்த நேரத்தில், நீ அணியப்போகும் சாக்ஸையும் சோலையும் கையோடு கொண்டுபோய் ஷூவைப் போட்டுப் பார். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் மிச்சமிருக்க வேண்டும். மிக நீண்ட விரல் எல்லோருக்கும் கட்டைவிரலாக இருப்பதில்லை. உனக்கு இரண்டாவது விரல்தான் நீளம்.

இனி சாக்ஸ். நீ போடுகிற குட்டை வகையைக் கடைக்காரர்கள் லோஃபர் சாக்ஸ் என்பார்கள். துணி விஷயம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உன்னுடையது நழுவுவதற்கு முதல் காரணம், அதன் அட்டையில் இருந்த ‘ஃப்ரீ சைஸ்’ என்ற சொல். எல்லாக் காலுக்கும் பொருந்தும் என்று விற்கப்படுவது, சிறிதாக இருந்தால் குதிகாலிலிருந்து இழுபட்டுக் கீழே இறங்கும். பெரிதாக இருந்தால் உள்ளங்காலில் மடிந்து உறுத்தும். அளவெண் போட்டதையே கேட்டு வாங்கு. இரண்டாவதாக, குதிகால் பை ஆழமாக இருக்க வேண்டும். சாக்ஸைக் கையில் விரித்துப் பார்த்தால், குதிகால் பகுதி கிண்ணம் போல் குழிந்து தனியாகப் பின்னப்பட்டிருக்கிறதா, வெறும் குழாயாக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். மூன்றாவதாக, உட்புறம் குதிகாலில் ஒட்டியிருக்கும் சிலிக்கோன் பட்டை. சிறு புள்ளிகளாக இருப்பதைவிட அகலமான பட்டையாகவோ அலைஅலையான கோடுகளாகவோ இருப்பது நன்றாகப் பிடிக்கும். அந்த இடத்தில் தோல் சிவந்து அரித்தால் மட்டும் அது உனக்கு ஆகாது என்று விட்டுவிடு.

அந்தப் பட்டைக்கு எண்ணெய் பகை. பித்தவெடிப்புக்காக நீ காலையில் குளித்ததும் குதிகாலில் தேங்காய் எண்ணெய் தடவுவது எனக்குத் தெரியும். அதை இரவுக்கு மாற்றிக்கொள். துவைக்கும்போது உட்புறத்தை வெளியே திருப்பிச் சோப்பில் அலசி, நிழலில் உலர்த்து. துணிக்கு மணமும் மென்மையும் தருகிற திரவத்தில் ஊற வைக்காதே, அதன் படலம் சிலிக்கோன் மேல் படிந்து பிடிப்பைக் கெடுத்துவிடும்.

நூல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாழ்நாளெல்லாம் பருத்தியைப் புகழ்ந்து விற்றவன் நான். இன்றும் உடுத்துவதற்கு அதற்கு ஈடு இல்லை என்றே சொல்வேன். ஆனாலும் மூடிய ஷூவுக்குள் முழுப் பருத்தி வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடிக்கும். குடித்ததை எளிதில் விடாது. ஈரத்தில் ஊறிய தோல் உரசும்போதுதான் கொப்புளம் எழுகிறது; விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணும் வருகிறது. பருத்தியோடு நைலானும், இழுத்தால் நீண்டு சுருங்குகிற ஸ்பாண்டெக்ஸ் நூல் சிறிதும் கலந்து பின்னியது சீக்கிரம் உலரும், வடிவமும் குலையாது. வாங்குவதற்கு முன் உட்புறத்தைத் திருப்பி, விரல் முனையில் உள்ள தையலின் மேல் உன் விரலை ஓட்டிப் பார். மாலைச் சரடு போல் மேடு தட்டினால் அதைத் திரும்ப வைத்துவிடு. எட்டு மணி நேரத்தில் அந்த மேடு நகத்தோரத்தைப் புண்ணாக்கிவிடும். கைப்பையில் ஒரு ஜோடியை வைத்திருந்து, மதிய உணவுக்குப் பிறகு மாற்றிக்கொள்.

சோலுக்கு வருகிறேன். நீ சிறுமியாக இருந்தபோது குளித்துவிட்டு ஓடி வருவாய். மொசைக் தரையில் உன் ஈரப் பாதம் உட்பக்க வளைவு அதிகம் தெரியாமல் ஏறக்குறைய முழுதாகப் பதியும். இப்போதும் ஒருமுறை ஈரக் காலைச் சிமெண்ட் தரையில் வைத்துப் பார். அப்படியே பதிந்தால் உனக்கு வளைவு தாழ்ந்த பாதம். அதற்குக் குதிகாலில் வைக்கும் சிறு ஜெல் துண்டைவிட, வளைவை அடியிலிருந்து தாங்குகிற சற்று விறைப்பான சோலே உதவும். அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் எதிர்த்து நிற்க வேண்டும்; அதன் மேடு சரியாக உன் வளைவின் கீழ் வர வேண்டும். வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் தொழுநோயால் உணர்வு மரத்த கால்களுக்குக் காலணி செய்தபோது, பாரம் ஓரிடத்தில் குவியாமல் உள்ளங்கால் முழுவதும் பரவ வேண்டும் என்பதையே முதலில் பார்த்தார்கள். அந்த வழியில் வந்த, நுண்துளை ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பைத்தான் நான் வீட்டுக்குள் அணிகிறேன். உனக்கும் ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். விடுதி அறையின் வெறுந்தரையில் நடக்காதே.

உன் பெல்லி ஷூ ஆழம் குறைந்தது. அதன் உள் அட்டை ஒட்டப்பட்டிருப்பதால் எடுக்கவும் முடியாது. அதற்கு முக்கால் நீள சோல்தான் பொருந்தும். அது குதிகாலில் தொடங்கி விரல்களுக்கு முன்பே முடிந்துவிடுவதால் முன்பக்கம் நெருக்காது. கயிறு கட்டும் ஷூவாக இருந்தால், முதலில் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, அதையே அளவாக வைத்துப் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் போட வேண்டும். ஒரு காலில் மட்டும் வலித்தாலும் இரண்டிலும் போடு. முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு தினம் சிறிது கூட்டிக்கொண்டு, இரண்டு வாரத்தில் முழுப் பணி நேரத்துக்கும் பழக்கு. முழங்காலிலோ இடுப்பிலோ புதிதாக வலி தோன்றினால் எடுத்துவிடு. இரண்டு மூன்று வாரம் கழித்தும் காலை வலி நீடித்தாலோ, கால் மரத்துப்போவது போல் இருந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் குடும்பத்தில் சர்க்கரை நோய் உண்டு என்பதை மறந்துவிடாதே.

இன்னொன்று. நான் வேலையை விட்ட பிறகு, 2021-இல், கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். நீ வேலை பார்க்கும் கோவையிலும் அது செல்லும். ஆள் வராத நேரத்தில் உட்காரத் தயங்காதே. எந்தச் சோலும் அதற்கு ஈடாகாது.

இந்தக் கடிதத்தோடு நான்கு ஜோடி சாக்ஸும் எம்.சி.ஆர். செருப்பும் அனுப்புகிறேன். சோலை மட்டும் இன்னும் வாங்கவில்லை. மாலையில் பணி முடிந்து வந்ததும், ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு பாதங்களையும் ஊன்றி நின்று, உடன் இருக்கும் பெண்ணைப் பென்சிலை நேராகப் பிடித்து வரையச் சொல். குனிந்து நீயே வரைந்தால் பாரம் மாறி அளவு தப்பிவிடும். வளைவு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் குறித்து, தாளையே தபாலில் அனுப்பு. புகைப்படத்தில் அளவு சரியாக வராது. அது வந்ததும் பாண்டி பஜாருக்கு எடுத்துப்போய், தாளின் மேல் வைத்துப் பார்த்தே வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா