வெஸ்ட் கென்னட் ஈமமேட்டுப் பயணம்: நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில், ஏவ்பரி ஊருக்குத் தெற்கே அமைந்துள்ள வெஸ்ட் கென்னட் ஈமமேட்டைக் காண எங்கள் குடும்பங்கள் மேற்கொண்ட பயணம் நல்லபடியாக நிறைவேறத் துணைநின்ற அனைவருக்கும் இம்மடல் வழியாக நன்றி தெரிவித்துக்கொள்கிறோம்.

முதல் நன்றி, எங்களுக்கு விளக்கம் சொன்ன தன்னார்வலருக்கு உரியது. ஏறத்தாழ 100 மீட்டர் நீளும் அம்மேட்டில் மனிதரை அடக்கம் செய்த ஐந்து அறைகளும் கிழக்கு முனையில் மட்டுமே உள்ளன என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம். கி.மு. 3650 வாக்கில் எழுப்பப்பட்ட இவ்வறைகளில் தலைமுறை தலைமுறையாக அடக்கம் நடந்ததாகவே முன்னர் எண்ணப்பட்டது. ஆனால் எலும்புகளின் வயதை அவற்றிலுள்ள கரிமத்தைக் கொண்டு கணித்து 2007-இல் வெளியான கரிமக் காலக்கணிப்பு, அங்கிருந்த குறைந்தது 36 பேரும் ஏறத்தாழ ஒரே தலைமுறைக் காலத்துக்குள் வைக்கப்பட்டவர்கள் எனக் காட்டியதாம். உள்ளே ஒரு நெடுங்கல்லில், கற்கோடரிகளைத் தேய்த்துத் தீட்டியதால் வழவழப்பான இடத்தை, பார்வை மங்கிய எங்கள் பாட்டியின் கையைப் பிடித்து அவர் தடவிக் காட்டினார். அதன்பின் பாட்டி அக்கல்லை விட்டு நகர மறுத்துவிட்டார்!

நெடுஞ்சாலையிலிருந்து கென்னட் ஆற்றைக் கடந்து வயல் நடுவே ஏறும் பாதையில், சேறு பாராமல் முதியோருக்குத் தோள்கொடுத்த இளைஞர்களுக்கும், வண்டி ஓட்டியோருக்கும், உணவு சமைத்துத் தந்தோருக்கும் நன்றி. தொல்லியலாளர்கள் ஸ்டூவர்ட் பிகட், ரிச்சர்ட் அட்கின்சன் ஆகியோர் 1955–56-இல் அகழ்ந்தெடுத்த பொருள்களைப் பற்றிப் பொறுமையாக விளக்கிய டிவைசஸ் நகர வில்ட்ஷயர் அருங்காட்சியகப் பணியாளர்களுக்கும் கடமைப்பட்டுள்ளோம். அந்த அகழாய்வை ஒட்டி அறைகள் சீரமைக்கப்பட்டதால்தான் இன்று எவரும் உள்ளே சென்று பார்க்க முடிகிறது.

கல்லிடுக்குகளில் உறைந்த மெழுகைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்த இருவரையும் குறிப்பிடாமல் இருக்க இயலாது. வருவோர் பக்தியோடு ஏற்றிவைக்கும் சிறு விளக்குகள் கல்லில் புகைக்கறை படியச் செய்கின்றன. சூட்டினால் கல்லுக்குச் சேதமும் உண்டு. எவ்வளவு நல்ல எண்ணமாயினும் இது தவறான வழக்கம் என்பதே எங்கள் கருத்து. மெழுகு சுரண்டிய அவ்விருவரும் தம் வேலையை நிறுத்தி எங்கள் பிள்ளைகளுக்கு வழிவிட்டதற்கும், கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சலிக்காமல் விடை சொன்னதற்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. அடுத்த முறை வரும் குழுவினர் விளக்கோ மெழுகுவத்தியோ எடுத்துவர வேண்டாம் என அவர்கள் சார்பில் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுக் குழுவினர்