கேட்டது ஒரு ஸ்கீ, வந்தது வேறு ஸ்கீ: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 12 மார்ச் 2025

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் சேவை எண்ணில் பதினோரு முறை பேசிவிட்டேன். ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இனிப் பேசத் தெம்பில்லை, அதனால் எழுதுகிறேன்.

நவம்பரில் நான் எந்த ஸ்கீக்கு (பனிச்சறுக்குப் பலகைக்கு) பணம் கட்டினேன் என்பது உங்கள் பில்லிலேயே இருக்கிறது. நீளம் 165 செ.மீ., பூட்ஸுக்கு அடியில் அகலம் 68 மி.மீ., பக்கவாட்டு வளைவின் ஆரம் 13 மீட்டர். வந்த ஸ்கீயில் அச்சடித்திருப்பது 172, 82, 16. பார்சல் தாமதமானதற்கு ஃபெஞ்சல் புயலைச் சொன்னீர்கள். சரி, நவம்பர் 30 அன்று அது எங்கள் பக்கம்தான் கரையைக் கடந்தது, அதை நான் குறை சொல்லவில்லை. அளவு மாறியதற்குப் புயல் காரணம் இல்லையே.

பெட்டியைப் பிரித்த அன்றே போன் செய்தேன். "ரெண்டும் கார்விங் ஸ்கீதான் சார், கெட்டிப் பனியில ஒரே மாதிரிதான் போகும். போட்டுப் பாருங்க, பிடிக்கலைன்னா மாத்தித் தர்றோம்" என்றார் உங்கள் ஊழியர். கார்விங் என்றால் வழுக்காமல் எட்ஜால், அதாவது ஸ்கீயின் ஓர இரும்பு விளிம்பால், பனியைச் சீவித் திரும்புவது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1990களில் எலான் நிறுவனம் நடு ஒடுங்கிய ஸ்கீயைக் கொண்டுவந்த பிறகு, இன்று விற்கும் ஸ்கீ எல்லாமே ஏதோ ஒரு வகையில் கார்விங்தான். பிரான்ஸில் உள்ள க்ரெனோபிளில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தவன் நான். 1968 குளிர்கால ஒலிம்பிக்ஸ் போட்டிகள் நடந்த ஷாம்ரூஸ் சரிவில்தான் ஸ்கீ கற்றுக்கொண்டேன். எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் விற்கிறவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நம்பினேன். உத்தராகண்டில் பனிச்சறுக்குக்குப் பேர்போன ஔலிக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று.

ஜனவரிக் கடைசியில் ஔலியில் நடந்ததை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். இரவு உறைந்த சரிவு காலை எட்டு மணிக்குச் சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும். பத்து, பதினொன்றுக்கு மேல்தான் வெயிலில் இளகும். உங்கள் ஸ்கீயில் இறங்கினேன். முதல் திருப்பத்திலேயே கரகரவென்று சத்தம், எட்ஜ் பிடிக்காமல் கால் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தால் பனியில் விளக்குமாற்றால் கூட்டின மாதிரி தடம்.

என் மகள் க்ரெனோபிளிலிருந்து தன் ஸ்கீயோடு வந்திருந்தாள். 165 நீளம், 67 அகலம், 13 மீட்டர் ஆரம், கிட்டத்தட்ட நான் கேட்டதேதான். பூட்ஸை ஸ்கீயோடு இணைக்கும் பைண்டிங்கை என் பூட்ஸ் அளவுக்கும் எடைக்கும் மாற்றிக்கொண்டு அதே சரிவில், அதே காலையில் இறங்கினேன். பென்சிலால் இழுத்த மாதிரி இரண்டு மெல்லிய கோடு, மேலிருந்து கீழ்வரை. அங்கே ஒரு பயிற்சியாளர் தன்னுடைய 180 நீள ஸ்கீயையும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஜயண்ட் ஸ்லாலம் என்ற, அகன்ற திருப்பங்களோடு வேகமாக இறங்கும் பந்தயத்துக்கு உரிய ரகம். வேகம் எடுத்தால் இரும்பு மாதிரி நின்றது, ஆனால் மெதுவாகப் போகும்போது வளைய மறுத்தது, சின்னச் சரிவுக்கு அது சரிப்படாது. மூன்றையும் ஒரே காலையில் பார்த்தவன் சொல்கிறேன், ஒரே மாதிரி போகவில்லை.

ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்கீயைச் சாய்க்கும்போது உடம்பின் எடை எட்ஜ் மேல் இறங்க வேண்டும். நடு ஒடுங்கியிருந்தால் எட்ஜ் பாதத்தை ஒட்டியே இருக்கும். 82 என்றால் பாதத்தின் நடுவிலிருந்து இன்னும் தள்ளிப் போய்விடும். கெட்டிப் பனியில் எட்ஜ் அமிழாது, அந்த நெம்பு முழுவதும் முழங்காலில் விழும். போதாததற்கு நீங்கள் அனுப்பியதன் முன்பக்கம் முன்கூட்டியே மேலே வளைந்திருக்கிறது, அதனால் எட்ஜின் முன்பகுதி பனியைத் தொடவே நேரமாகிறது. புதுப் பனியில் மிதக்க அது நல்ல ஸ்கீ. நான் அதைக் கேட்கவில்லை.

எட்ஜைத் தீட்டியிருக்க மாட்டீர்கள் என்று மின்னஞ்சல் அனுப்பினீர்கள். பக்கவாட்டு எட்ஜை 88 டிகிரிக்குத் தீட்டிவிட்டுத்தான் இறங்கினேன். மூன்று நாளில் என் வலது முழங்கால் வீங்கியது. இன்றைக்கும் மாடிப்படி ஏறும்போது வலிக்கிறது. இதற்கு யார் பொறுப்பு?

அப்புறம் பிப்ரவரி 18. அன்று போனை எடுத்த பெண்மணி நான் சொல்லி முடிப்பதற்குள், "பாண்டிச்சேரியில பனியே பெய்யாதே சார், உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டார். பக்கத்தில் யாரோ சிரித்தது காதில் விழுந்தது. பணம் வாங்கும்போது எங்கள் ஊரில் பனி பெய்யுமா என்று நீங்கள் கேட்கவில்லை. அந்தக் கேள்வி இன்றுவரை மனதை அறுக்கிறது. உரையாடலைப் பதிவு செய்வதாக நீங்களே சொல்கிறீர்கள், எடுத்துக் கேளுங்கள்.

கடலூர் விஷயத்தைச் சொல்ல விட்டுவிட்டேன். மாற்றித் தருவதாகச் சொன்னது போய், பயன்படுத்திய பொருளை வாங்க முடியாது என்றீர்கள். பிறகு அதுவும் மாறி, மஞ்சக்குப்பத்தில் உள்ள சேகரிப்பு மையத்தில் கொண்டுவந்து கொடுங்கள் என்றீர்கள். ஆளுயரப் பையைப் பஸ்ஸில் ஏற்ற நடத்துநர் ஒத்துக்கொள்ளவில்லை. லக்கேஜ் டிக்கெட் எடுத்து, பையைக் கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல எதுவும் பதிவாகலையே அண்ணா" என்றான். அவன் மேல் தவறில்லை. உச்சிவெயிலில் வாசலில் நின்றுகொண்டு நாற்பது நிமிடம் உங்கள் எண்ணை அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. அதே பையோடு, அதே முழங்காலோடு வீடு திரும்பினேன்.

ஸ்கீயின் விலை 68,000 ரூபாய். விமானம், ஜோஷிமட் வரை வண்டி, தங்கியது எல்லாம் சேர்த்தால் என் இரண்டு வருஷச் சேமிப்பு நாசமாகிவிட்டது. மகளோடு கழிக்க வேண்டிய குளிர்காலமே போய்விட்டது, அதை எந்தப் பணமும் ஈடு செய்யாது.

உங்கள் நிறுவனத்தின் மேல் இன்னும் மரியாதை வைத்துத்தான் எழுதுகிறேன். தயவுசெய்து 15 நாட்களுக்குள் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள், ஸ்கீயை என் வீட்டு வாசலில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. பில், இரண்டு ஸ்கீயின் தடங்களையும் காட்டும் படங்கள், மருத்துவரின் சீட்டு எல்லாம் இணைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 18 அன்று பேசியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணம் வந்தாலும் அதை விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்