கோயிலோடு முடிவதில்லை கங்கைகொண்ட சோழபுரம்

கங்கைகொண்ட சோழபுரத்தில் அருங்காட்சியகம் அமைக்கவும் சோழகங்கம் ஏரியைச் சீரமைக்கவும் பொறுப்பேற்றிருக்கும் தொல்லியல், நீர்வளம், சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். அருங்காட்சியகம் வரப்போகிறது, ஏரியைத் தூர்வாரப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் அதே பேச்சுதான். டீக்கடையில் பேசுகிறார்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் பேசுகிறார்கள், வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் அரியலூர் மாவட்டத்தில் சமூக அறிவியல் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியை. மகிழ்ச்சியோடுதான் இதை எழுதுகிறேன். வரைபடம் உறுதியாகி டெண்டர் விட்ட பிறகு குறை சொல்வதைவிட, மனதில் இருப்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

கேட்பது ஒன்றுதான். கோயிலோடு நிறுத்திவிடாமல் தலைநகரத்தையும் காட்டுங்கள்.

திருச்சி–சிதம்பரம் சாலையில் வரும் சுற்றுலாப் பேருந்து கோயிலருகே நிற்கும். பெரிய நந்தி, விமானம், சிங்கமுகக் கிணறு, ஒரே கல்லில் அமைந்த நவக்கிரகம், புல்வெளியில் ஒரு குரூப் போட்டோ. ஒரு மணி நேரத்தில் எல்லோரும் ஏறிக்கொள்வார்கள், அடுத்தது தாராசுரம். வருகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. 2004ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது கோயில். பாடப்புத்தகத்தில் படமாக இருப்பதும் கோயில். அதைத் தாண்டி இங்கே பார்க்க ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

கோயிலைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வடக்கு வாசல் படியருகே இருக்கும், சிவனடியார் சண்டேசரின் சிற்பத்தின் முன் நின்று பாருங்கள். பக்கத்தில் பார்வதி அமர்ந்திருக்க, சிவபெருமான் சற்றே குனிந்து, காலடியில் கைகூப்பி உட்கார்ந்திருக்கும் சண்டேசரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். சண்டேசரின் முகம் தாழ்ந்திருக்கிறது. அந்தப் பணிவு கல்லில் எப்படி வந்தது என்று ஒவ்வொரு முறையும் வியந்துபோவேன். அந்த முகம் இராசேந்திரனின் முகம்தான் என்று சொல்பவர்கள் உண்டு. அது எப்படியோ, அந்தக் கையும் மாலையும் போதும் எனக்கு. தஞ்சை விமானத்தைவிடச் சற்று உயரம் குறைந்து, ஏறக்குறைய 55 மீட்டரில், நேர்கோட்டை விட்டு உள்வாங்கி வளைந்து ஏறும் இந்த விமானத்தின் அழகைப் பற்றி நான் எழுதித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

ஆனால் 1025 வாக்கில் தஞ்சையை விட்டு இங்கே வந்த முதலாம் இராசேந்திரன் ஒரு கோயிலை மட்டும் கட்டிவிட்டு உட்காரவில்லை. ஒரு நகரத்தையே எழுப்பினான். 1279ல் மூன்றாம் இராசேந்திரனோடு சோழர் ஆட்சி முடியும்வரை, ஏறக்குறைய 250 ஆண்டுகள், இதுதான் தலைநகரம். கடல் கடந்து மலாய் தீபகற்பத்துக் கடாரத்துக்குக் கப்பற்படை போன காலத்தில் அரசன் இருந்த ஊர் இது. 1054ல் சாளுக்கியரோடு நடந்த கொப்பத்துப் போரில் யானை மேலிருந்தபடியே இராசேந்திரனின் மகன் இராசாதிராசன் உயிர்விட்ட செய்தி வந்து சேர்ந்ததும் இந்த ஊருக்குத்தான். சீனத்துக்கு 1033ல் இராசேந்திரனும், 1077ல் முதலாம் குலோத்துங்கனும் தூது அனுப்பினார்கள். இரண்டாவது குழுவில் 72 பேர் போனதாகச் சீனக் குறிப்பு சொல்கிறது. அவர்களெல்லாம் எந்தத் தெருவில் நடந்தார்கள், எந்த வாசல் வழியாக வெளியே போனார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

சொல்ல முடியும் என்பதுதான் விஷயம். கல்வெட்டுகளிலேயே பெருவழிகளின், அதாவது பெரிய சாலைகளின், பெயர்கள் இருக்கின்றன. இராசராசன் பெருவழி, இராசேந்திரன் பெருவழி, குலோத்துங்கசோழன் திருமதில் பெருவழி, விளாங்குடையான் பெருவழி. ஒரு வழிக்குக் குலையானை போன பெருவழி என்றே பெயர். எந்த யானை, எப்போது போனது என்பதெல்லாம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. கிழக்கே திருவாசல், தெற்கே வேம்புகுடி வாசல். அரண்மனையைச் சோழகேரளன் திருமாளிகை, முடிகொண்டசோழன் திருமாளிகை என்று குறிக்கிறார்கள். இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி, கடாரங்கொண்டான். ரேஷன் கார்டிலும் பேருந்துப் பலகையிலும் தினமும் புழங்குகிற பெயர்கள். அவற்றை ஒரு வரைபடத்தில் குறித்தாலே பாதி நகரம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மாளிகைமேடு கோயிலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்தான். 1980ல் தொடங்கி மாநிலத் தொல்லியல் துறை அங்கே பல பருவங்கள் அகழாய்வு நடத்தியது. 2021லிருந்து மறுபடியும் தோண்டினார்கள். மண்ணுக்கடியிலிருந்து எழுந்து வந்தவை தடித்த செங்கல் சுவர்கள், மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் அடித்தளங்கள், குவியல் குவியலாகக் கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், தந்தத்தில் செய்த பொருட்கள், சீனப் பீங்கான் துண்டுகள். கோயிலைக் கல்லில் கட்டியவர்கள் தாங்கள் குடியிருந்த மாளிகையைச் செங்கல்லிலும் மரத்திலும் ஓட்டிலும் கட்டிக்கொண்டார்கள். அதனால்தான் அது நிற்கவில்லை. மரம் மக்கிப்போயிற்று, ஓடு சரிந்தது, செங்கல்லைப் பின்னால் வந்தவர்கள் வீடு கட்ட எடுத்துக்கொண்டார்கள். இதை ஒரு பிள்ளைக்குச் சுவரைக் காட்டிச் சொன்னால் ஆயுளுக்கும் மறக்காது. புத்தகத்தைக் காட்டிச் சொன்னால் பரீட்சையோடு சரி.

ஆகவே கோயிலிலிருந்து மாளிகைமேட்டுக்கும், அங்கிருந்து சோழகங்கக் கரைக்கும் நடந்தோ சைக்கிளிலோ போகிற மாதிரி ஒரு பாதை போடுங்கள். புதுச்சாலை வேண்டாம், இருக்கிற ஊர்த் தெருக்களும் வண்டிப்பாதைகளும் போதும். நிழலுக்கு மரம், குடிக்கத் தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை, ஆங்காங்கே நல்ல தமிழில் பலகைகள். அகழாய்வுக் குழியருகே நிற்கும் பலகையில் ‘பாதுகாக்கப்பட்ட இடம், அத்துமீறினால் தண்டனை’ என்பதோடு நின்றுவிடாமல், இந்தச் சுவர் எவ்வளவு தடிமன், இந்தக் கல் எதைத் தாங்கியது, இதற்கு மேல் கூரை எப்படி இருந்திருக்கும் என்று ஒரு படமும் போடுங்கள்.

அடுத்து ஏரி. இதைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

கங்கை வரை படை போய்த் திரும்பியபோது, தோற்ற அரசர்கள் கங்கை நீரைத் தலையில் சுமந்து வந்தார்கள் என்றும், இராசேந்திரன் சோழகங்கம் என்ற ஏரியை நீர்மயமான வெற்றித்தூணாக எடுத்தான் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடு பாடுகிறது. வெற்றித்தூண் நடாத பேரரசு எங்கே இருக்கிறது? கல்லில் நட்டவர்கள் பலர். தண்ணீரில் நட்டவன் இவன். அதுவும் மழை குறைந்த இந்த மேட்டுப் பூமியில். 1855ல் வெளிவந்த ஒரு குறிப்பு இந்த ஏரியின் கரை 16 மைல் நீளம் என்கிறது. கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கும் மேல் நீண்ட வாய்க்கால் ஏரியின் தெற்கு முனையில் வந்து சேர்ந்தது, வெள்ளாற்றிலிருந்து சிறு வாய்க்கால் ஒன்று வடக்கு முனையில் வந்தது, இரண்டின் தடமும் தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். அப்போதே ஏரிக்குள் நுழைய முடியாத காடு. இன்று பொன்னேரி என்று நாங்கள் சொல்வது அந்தப் பேரேரியில் மிஞ்சியிருப்பது.

இந்த ஏரி அலங்காரத்துக்கு வெட்டிய குளமல்ல. ஒரு தலைநகரத்துக்குக் குடிநீரும் சுற்றுப்பட்ட கழனிகளுக்குப் பாசனமும் தரவேண்டிய வேலை. அதனால் தூர்வாரும் கணக்கோடு வரத்து வாய்க்கால்களின் கணக்கையும் முதலில் எடுங்கள். எங்கே அடைபட்டிருக்கிறது, எங்கே வயலாகிவிட்டது, எங்கே வீடு வந்துவிட்டது என்று பாருங்கள். தண்ணீர் வரும் வழி சரியாகாமல் படகுத்துறையும் செல்ஃபி மேடையும் கட்டினால், இரண்டு கோடையில் சீமைக் கருவேலம் திரும்ப வந்துவிடும். இன்னொன்று: பழைய கரையில் பொக்லைன் இறங்கும் நாளில் தொல்லியல் தெரிந்தவர் ஒருவர் கண்டிப்பாகப் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தக் கரையே ஆயிரம் வருடத்துக் கட்டுமானம். மண்வெட்டு எப்படி, மதகு எங்கே இருந்தது, கல் எப்படி அடுக்கினார்கள் என்பதெல்லாம் கரைக்குள்தான் இருக்கிறது. ஒரே நாளில் சமன்செய்துவிட்டால் அப்புறம் யாராலும் மீட்க முடியாது.

இப்படிப் பயப்படக் காரணம் இருக்கிறது. 1836ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கல்லுக்காக இந்தக் கோயிலின் சுற்றுமதிலை இடித்துக் கொண்டுபோனார்கள். நான் சொன்ன அதே 1855ஆம் வருடக் குறிப்பில் இது இருக்கிறது. ஊர்மக்கள் தங்களால் முடிந்தவரை தடுத்துப் பார்த்தார்கள். கிடைத்தது தண்டனை. கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள், அதையும் கட்டவில்லை. அணை தப்பு என்று சொல்ல வரவில்லை. கீழணைத் தண்ணீர் வடவாறு வழியாக வீராணத்துக்குப் போகிறது, அங்கிருந்து சென்னைக்குக் குடிக்கப் போகிறது. ஆயிரக்கணக்கான ஏக்கர் அதை நம்பி இருக்கிறது. ஆனால் நல்ல காரியத்துக்கு என்று சொல்லித்தான் அன்றைக்கும் இடித்தார்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை. எதிர்த்து நின்று தண்டனை வாங்கிய அந்த மனிதர்களின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. உங்கள் அருங்காட்சியகத்தில் இராசேந்திரனுக்குச் சிலை கட்டாயம் இருக்கும், இருக்கட்டும். அந்த ஊர்மக்களுக்கும் ஒரு சுவரில் நான்கு வரி எழுதி வையுங்கள்.

அருங்காட்சியகம் என்றதும் ஃபைபர் சிலைகளும் ஒலி-ஒளிக் காட்சியும்தான் எனக்கு முதலில் கண்ணில் வருகின்றன. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை, பிள்ளைகள் ரசிப்பார்கள். ஆனால் மாளிகைமேட்டில் கிடைத்த ஓடு, ஆணி, வளையல், பீங்கான் துண்டு எல்லாம் இங்கேயே, கிடைத்த ஊரிலேயே இருக்க வேண்டும். அதே நேரத்தில், கோயில்களில் வழிபாட்டில் இருக்கும் எதையும் பெயர்த்து எடுத்துவர வேண்டாம். பக்கத்தில் இருக்கும் செங்கமேட்டில் கலிங்கத்துச் சிற்பங்கள் இருக்கின்றன. போரில் கொண்டுவந்தவை என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். ஊர்க்காரர்களுக்கு அவை சாமி. எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் காட்டி, போய்ப் பார்க்க வழி சொன்னால் போதும்.

நிலத்துக்காரர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த நகரத்தின் பெரும்பகுதி இன்னும் பட்டா நிலத்துக்கு அடியில் கிடக்கிறது. மேலே முந்திரி, கரும்பு, நெல். உழும்போது பழைய செங்கல் தட்டுப்பட்டால், தகவல் சொன்னால் நிலம் போய்விடுமோ என்ற பயத்தில் பேசாமல் மூடிவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் மேல் கோபப்பட என்னால் முடியாது. அரைக் காணி போனால் பிழைப்பே போகும். தகவல் சொல்கிறவருக்குப் பயிர் இழப்பீடு என்ன, எத்தனை மாதத்தில் கைக்கு வரும், தோண்டி முடித்த பிறகு நிலம் யாருடையது என்பதை ஒரு பக்கத் தமிழ் நோட்டீசாக அடித்து வீடு வீடாகக் கொடுங்கள். பயம் போனால் தகவல் தானாக வரும். அகழாய்வில் மண் அள்ளிய உள்ளூர்ப் பெண்களுக்கு ஒரு பானை ஓட்டின் விளிம்பைப் பார்த்தே சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. வழிகாட்டிகள் தேவைப்பட்டால் அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

அகழாய்வு அறிக்கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு பருவம் முடிந்ததும் என்ன கிடைத்தது, எந்த ஆழத்தில் கிடைத்தது என்று பத்துப் பக்கத்தில், படங்களோடு, எளிய தமிழில் வெளியிட்டுச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு அனுப்புங்கள். பெரிய அறிக்கை மெதுவாக வரட்டும்.

இராசேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரை இப்போது அரசு விழா. 2025ல் பிரதமர் வந்தார், நாணயம் வெளியிட்டார், நாடே பார்த்தது. அடுத்த ஆடித் திருவாதிரைக்கு முன், ஏரிக்கும் அருங்காட்சியகத்துக்கும் நீங்கள் வைத்திருக்கும் வரைபடங்களைப் பெரிதாக அச்சடித்து, உட்கோட்டையிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். பிறகு கிராம சபைக்கு வந்து உட்காருங்கள். பழைய வாய்க்கால் எங்கே ஓடியது என்று காட்டக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளிடமும் கேள்விகள் இருக்கின்றன. நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
அரியலூர் மாவட்டத்து ஆசிரியை ஒருத்தி