பத்துக்குப் பத்து அறைக்குத் தூண் ஸ்பீக்கர் எதற்கு?

சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

நீ வாங்க நினைக்கும் தூண் ஸ்பீக்கரின் படம் பார்த்தேன். இடுப்புயரப் பெட்டி, ஒவ்வொன்றிலும் தாழ்ந்த ஓசைக்கான பெரிய கூம்பு, அதாவது ஊஃபர், 8 அங்குலத்தில் இரண்டு. தாமான் குடியிருப்பு வீட்டு ஹாலுக்கு அது சரி. உன் வாடகை அறையோ பத்துக்குப் பத்து. 10 அடி இடைவெளியில் நிற்கும் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் வாக்கில் உள்ள தாழ்ந்த ஓசை தங்கி உருளும். அறை சதுரம் என்பதால் நீளமும் அகலமும் அதே ஓசையில் கைகோத்துக்கொள்ளும். தவிலின் தொப்பியில், அதாவது கனத்த ஓசைப் பக்கத்தில், விழும் அடி தனித்தனியாகக் கேட்காது, ஒரே ‘கும்’தான்.

5 அங்குல ஊஃபர், உயர்ந்த ஓசைக்கு 1 அங்குல ட்வீட்டர் போதும். முடிந்தால் முழுக்க மூடிய பெட்டியாகப் பார். பின்னால் குழாய் வாய் உள்ளதைச் சுவரோரம் வைத்தால் பேஸ், அதாவது தாழ்ந்த ஓசை, வீங்கும். மூடிய பெட்டியில் பேஸ் ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) இறங்கினால் 12 டெசிபல் என்று மெல்லச் சரியும், சுவர் அதில் கொஞ்சத்தை ஈடுகட்டிவிடும். 1970களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்கென்று செய்த எல்எஸ்3/5ஏ அப்படி ஒரு குட்டி மூடிய பெட்டிதான். குரலுக்கு இன்றும் அதைத் தேடுகிறார்கள்.

வாட்டைப் பார்த்து மயங்காதே. 85 டெசிபல் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் கிடைக்கும் சத்தம்) உள்ள ஜோடிக்கு 5 அடி தூரத்தில் ஒரு வாட் கொடுத்தாலே பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுவார். ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) 30 வாட் இருந்தால் தாராளம்.

வைப்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. முன்சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, இரண்டுக்கும் நடுவே 5 அடி விட்டு, ட்வீட்டர் உன் காது உயரத்துக்கு வரும்படி வை. மூலையில் திணிக்காதே. நாற்காலி பின்சுவரிலிருந்து மூன்றரை அடி தள்ளி இருக்கட்டும். சுவரில் முதுகு சாய்த்தால் பேஸ் அதிகமாகும், அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். டைல்ஸ் தரையில் ஒரு கம்பளம் விரித்தால் கூச்சல் அடங்கும்.

செகண்ட்ஹேண்ட் வாங்கினால் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தைத் தொட்டுப் பார். நுரை வளையம் நம் ஊர் ஈரத்தில் சில வருஷத்தில் பொடிந்துவிடும், ரப்பர்தான் நிற்கும். விரல்களை விரித்துக் கூம்பை மெதுவாக அமுக்கு. உரசும் சத்தம் வந்தால் உள்ளே சுருள் இடிக்கிறது, வேண்டாம். கடையில் பாட்டுக்கு முன்னே மின்னல் எஃப்எம் வானொலிச் செய்தியைப் போடச் சொல். வாசிப்பவர் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் பெட்டியே அதிர்கிறது என்று அர்த்தம்.

ஒயருக்குக் காசைக் கொட்டாதே. 3 மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். சிவப்பு, கறுப்பு ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் பேஸ் மெலியும், குரல் நடுவில் நிற்காமல் அலையும். அப்படிக் கேட்டால் ஸ்பீக்கரைக் குறை சொல்லுமுன் ஆம்பை அணைத்துவிட்டு, ஒன்றின் ஒயரை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்.

அப்பா