புது ஜோடியைப் பின்னால் போடுங்கள், முதலாளி

வாடகைக் கார் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். பதினேழு வருடமாக உங்களில் நாலைந்து பேரிடம் வண்டி ஓட்டியவன் எழுதுகிறேன். சம்பளம், பேட்டா பற்றி இல்லை, டயர் பற்றி.

டயர் தேய்ந்துவிட்டது என்று வந்து நின்றால் இரண்டுதான் வாங்குவீர்கள். சரி, நாலையும் ஒன்றாக மாற்ற யாருக்குக் கட்டுப்படியாகும்? ஆனால் அந்த இரண்டையும் முன்னால் மாட்டச் சொல்கிறீர்களே, அதில்தான் என் சண்டை. வண்டியை இழுப்பது முன்சக்கரம், திருப்புவது முன்சக்கரம், பிரேக் பாரத்தில் பெரும்பங்கும் அதற்குத்தான். அப்போது நல்லது முன்னால்தானே? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன்.

ஒரு கார்த்திகை மழையில் உளுந்தூர்பேட்டை தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் புத்தம் புது ஜோடி, பின்னால் மொட்டையாகப் போகிற பழசு. லேசான வளைவு, ரோட்டில் தேங்கிய தண்ணீர். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், அவ்வளவுதான். முன்பக்கம் ரோட்டைப் பிடித்துக்கொண்டது. பின்பக்கம் என்னை முந்தப் பார்த்தது. வண்டி அரை வட்டம் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்சீட்டில் இருந்த அம்மா இறங்கி, ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தேய்ந்த டயரால் தண்ணீரை ஒதுக்க முடியாது, அதன் மேல் மிதக்கும். முன் டயர் மிதந்தால் ஸ்டியரிங் லேசாகிக் கைக்குத் தெரிந்துவிடும். வேகம் குறையக் குறையப் பிடிப்பு திரும்பும். பின் டயர் மிதப்பது தெரிய வரும்போது வால் சுற்றியிருக்கும். பின்சக்கரத்தைத் திருப்ப நம் கையில் ஸ்டியரிங் கிடையாதே. முன்சக்கரம் இழுக்கிற வண்டியானாலும் புது ஜோடியைப் பின்னால் போடச் சொல்லி டயர் கம்பெனிகளே சொல்வது இதனால்தான்.

‘எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) ஆகிவிட்டதே’ என்பீர்கள். காருக்குச் சட்டம் கேட்பது டயர் பட்டையின் பள்ளங்களில் 1.6 மி.மீ. ஆழம். புது டயரில் 8 மி.மீ. வரை இருக்கும். முன்னால் 8, பின்னால் 2 என்றாலும் பள்ளக் கணக்கில் நாலும் பாஸ்.

அப்புறம் இந்த ஒற்றை டயர் பழக்கம். ஒன்று கிழிந்தால் கடையில் கிடைத்த ஏதோ ஒரு பழசு. ஒரே அச்சில் இடது ஒரு மாதிரி, வலது ஒரு மாதிரி இருந்தால் ஈர ரோட்டில் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். 185/65 ஆர்15 சைஸ் இருக்க வேண்டிய இடத்தில் 195/55 ஆர்15 மாட்டினால் டயர் உயரத்தில் இரண்டரை சென்டிமீட்டர் குறையும். பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ், ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் பார்த்துத்தான் வேலை செய்கிறது. அதற்கே தப்புக் கணக்கு கொடுக்கிறோம். வருடக்கணக்கில் ஸ்டெப்னியாகக் கிடந்ததையும் நம்பாதீர்கள். பக்கவாட்டில் 4316 என்றிருந்தால் 2016-ன் 43-வது வாரம் செய்தது. பார்க்கப் புதுசு, ரப்பர் பலகை மாதிரி இறுகியிருக்கும்.

ஐப்பசி பிறக்கும் முன் ஒருநாள் வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். வாங்கும் இரண்டை ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே சைஸில் வாங்கிப் பின்னால் போடுங்கள். பின்னால் இருந்த ஜோடியில் உயிர் இருந்தால் முன்னால் வரட்டும். டயர் சேரவில்லை என்று டிரைவர் வந்து சொன்னால், ‘பார்த்து ஓட்டுப்பா’ என்று அனுப்பி வைக்காதீர்கள். அன்று உளுந்தூர்பேட்டையிலும் நான் பார்த்துத்தான் ஓட்டினேன்.

இப்படிக்கு,
உங்கள் டிரைவர்களில் ஒருவன்