எலும்பு கூடினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

காயத்துக்குப் பிறகு மறுபடி ஸ்கைடைவிங் (விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பது) போகலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கணுக்காலைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எலும்பு கூடியதை எக்ஸ்ரே காட்டும். பலம் திரும்பியதைக் காட்டாது. அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கி இறக்க முடியாதவர் விமானம் ஏற வேண்டாம்.

தோள் விலகியவர்கள்தான் உண்மையில் அதிகம் யோசிக்க வேண்டும். மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகக் காற்றில் கை பின்னால் இழுபட்டால் மூட்டு மறுபடி நழுவக்கூடும். அப்போது பாராசூட்டைத் திறக்கும் பிடி கைக்கு எட்டாது. ரிசர்வை, அதாவது அவசரத்துக்கான இரண்டாவது பாராசூட்டை, தானாகத் திறக்கும் கருவி இருக்கிறதே என்பது பதிலாகாது. அது கடைசி வாய்ப்பு. தரையில் பயிற்சி ஹார்னஸில் (உடலைப் பிணைக்கும் பட்டைகளில்) தொங்கியபடி, பிரதான பாராசூட்டைக் கழற்றிவிடும் வலப்பக்கத்து கட்அவே பிடியையும் அடுத்து இடப்பக்கத்து ரிசர்வ் பிடியையும் முழுதாக இழுத்துப் பாருங்கள். பாதியில் வலித்தால் பிசியோதெரபிக்குத் திரும்புங்கள்.

ஓய்வில் எடை கூடியிருக்கும் (யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை). உபகரணத்தோடு 200 பவுண்டு எடையுள்ளவருக்கு 170 சதுர அடி பாராசூட் சிறியது, அதனால் வேகமானது. 200 சதுர அடிக்கு மேல் உள்ளதை இரவல் வாங்குங்கள்.

முதல் குதிப்பு காற்று குறைந்த நாளில், பயிற்றுநர் பார்வையில் இருக்கட்டும். 5,000 அடியில் திறந்தால் உயரத்திலேயே நாலைந்து முறை ஃப்ளேர் செய்து (இரு கைகளாலும் பாராசூட்டின் கட்டுப்பாட்டுப் பிடிகளைக் கீழே இழுத்து வேகத்தைக் குறைத்து) பழகலாம். தரை நெருங்கும்போது நல்ல காலை மட்டும் நீட்டத் தோன்றும். கூடவே அந்தப் பக்கத்துக் கையும் தாழும், பாராசூட் அப்படியே திரும்பிவிடும். பாதங்களையும் முழங்கால்களையும் ஒட்டிவைத்து, பக்கவாட்டில் உருளுங்கள். நின்று இறங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஸ்கைடைவிங் பயிற்றுநர் ஒருவர்