ஏரியையும் மலையையும் ட்ரோனில் அளக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏரியில் மண் எடுப்பதோ, திருமணிமுத்தாற்றில் கழிவு கலப்பதோ, சேர்வராயன் மலையில் தீ பிடிப்பதோ, சேலத்தில் எந்தப் பேச்சு எழுந்தாலும் "ட்ரோன் விட்டுப் பார்த்துவிடலாமே" என்கிறார்கள். கல்லூரிகளும் ஊராட்சிகளும் ஏரிப் பாதுகாப்புக் குழுக்களும் இதில் இறங்குவதை மனதார வரவேற்கிறேன். ஆனால் மேலிருந்து படம் எடுப்பது ஒரு வேலை. அந்தப் படத்தை வைத்து "இத்தனை யூனிட் மண் போயிருக்கிறது" என்று ஆட்சியர் அலுவலகத்தில் நிறுவுவது இன்னொரு வேலை. விதியை மீறிப் பறந்த ட்ரோனின் படத்தை எதிர்த்தரப்பு முதல் கேள்வியிலேயே தள்ளிவிடும். விதிப்படி பறந்தும் அளவை முறை தவறியிருந்தால் அடுத்த கேள்வியில் விழுந்துவிடும். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2021 ஆகஸ்ட் 25-இல் வெளிவந்த ட்ரோன் விதிகள் எடையை வைத்து வகை பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால். இது மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் சேர்த்த எடை. 249 கிராம் என்று விற்கப்படும் ட்ரோனில் விசிறிக் காப்பு மாட்டினாலே அது மைக்ரோ ஆகிவிடும். நானோவுக்குப் பதிவே வேண்டாம் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். அதற்கு விலக்கு இருப்பது வகைச் சான்றிதழ் (அந்த ட்ரோன் மாடலுக்குத் தரப்படும் ஒப்புதல்), பைலட் சான்றிதழ், மூன்றாம் நபர் காப்பீடு ஆகியவற்றில்தான். யுஐஎன் என்னும் அடையாள எண் அதற்கும் வேண்டும். மைக்ரோவை வணிக நோக்கமில்லாமல் இயக்க பைலட் சான்றிதழ் தேவையில்லை. கூலி பேசி அளந்து கொடுப்பதென்றால், விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில் படித்துச் சான்றிதழ் பெற்றவர்தான் ரிமோட்டைப் பிடிக்க வேண்டும். 2022 பிப்ரவரி முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்த மைக்ரோ ட்ரோனுக்கு வகைச் சான்றிதழ் இராது. அது இல்லாமல் யுஐஎன் கிடைக்காது. விதிமீறலுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

அடுத்தது இடம். ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் பச்சை என்றால் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை தனி அனுமதி வேண்டாம். மஞ்சளுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது. நமக்குக் காமலாபுரம் விமான நிலையம் இருப்பதை மறக்கக் கூடாது. அதன் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி மட்டுமே பச்சை. ஓமலூர் சுற்றுவட்டாரத்து ஏரிகளை அளப்பவர்கள் இந்தத் தூரத்தை முதலில் பார்க்க வேண்டும். முக்கியப் பிரமுகர் வருகை போன்ற நேரங்களில் எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கலாம். முந்தின நாள் பச்சையாக இருந்தது மறுநாள் காலை மாறியிருக்கலாம் என்பதால், கிளம்பும் முன் வரைபடத்தைத் திறந்து நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் அதுவே உங்கள் சான்று.

மலையில்தான் பலரும் தெரியாமலே விதியை மீறுகிறார்கள். ரிமோட் திரையில் தெரியும் உயரம் ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. அந்த நேரத்தில் அதன் கீழே இருக்கும் தரையிலிருந்து அல்ல. ஏற்காடு சாலையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் நின்று 100 மீட்டர் ஏற்றி, பள்ளத்தாக்குப் பக்கம் தள்ளினால் திரை 100 என்றுதான் காட்டும். கீழே தரை 200 மீட்டர் இறங்கியிருந்தால் ட்ரோன் 300 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. எதிர்ப்பக்கம், மேட்டை நோக்கி 60 மீட்டரில் அனுப்பினால், சரிவு அதைவிட ஏறியிருக்கும். ட்ரோன் நேராகச் சில்வர் ஓக் மரத்தில் போய் மோதும். பேட்டரி குறைந்தோ சிக்னல் அறுந்தோ தானாகத் திரும்பும்போதும் இதே கதைதான்: முன்கூட்டி வைத்த உயரத்துக்கு ஏறி, கிளம்பிய இடம் நோக்கி நேர்கோட்டில் வரும். நடுவில் குன்று இருப்பது அதற்குத் தெரியாது.

தரையைத் தொடர்ந்து பறக்கும் டெரெய்ன் ஃபாலோ வசதி இருந்தாலும், எந்த உயரத் தரவை ஏற்றியிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் தரவில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் இருக்கிறது. 45 டிகிரிச் சரிவில் அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே 30 மீட்டர் ஏற்றம் இருக்கும். காபித் தோட்டத்து நிழல் மரங்களுக்கு 30 மீட்டர், தரவின் பிழைக்கு 20 மீட்டர் ஒதுக்கினால், 120-க்குள் கிடைக்கும் இடம் குறுகலானது. தரையிலிருந்து 80 முதல் 90 மீட்டருக்குத் திட்டமிடுவது பாதுகாப்பு. அளக்கும் பகுதியின் உச்சி மேட்டிலிருந்து கிளம்புங்கள். ட்ரோன் கண்ணில் படும், சிக்னலும் மறையாது. பறக்கும் வரிசைகளைச் சரிவுக்குக் குறுக்காக, ஒரே உயரத்தில் போகும்படி வையுங்கள். ஏறி இறங்கினால் பேட்டரி வீணாகும். ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 14 விழுக்காடு மெலிந்திருக்கும். சேலத்தில் 25 நிமிடம் பறப்பது அங்கே பறக்காது. 20 நிமிடத்துக்குக் கணக்கிடுங்கள். மூடுபனி இறங்கினால் அன்றைய வேலையைக் கட்டிவைத்துவிடுவதே நல்லது.

காப்புக்காட்டுக்குள் கால் வைக்கவே வனத்துறை அனுமதி வேண்டும் எனும்போது, அதன் மேல் ட்ரோன் விடுவதற்கு மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் கேட்பதுதான் முறை. வரைபடத்தில் பச்சை என்பது வான்வெளிக்கு மட்டுமே பொருந்தும். விசிறிச் சத்தத்தில் காட்டுமாடுகள் மிரண்டு ஓடினால், அடுத்து அவை நிற்கும் இடம் தோட்டத் தொழிலாளர் நடக்கும் பாதை.

கஞ்சமலைப் பக்கம் வேறொரு தொல்லை. அந்த மலையில் இருப்பது மேக்னடைட், காந்தத் தன்மையுள்ள இரும்புத்தாது. பாறை மேல் ட்ரோனை வைத்துக் காம்பஸ் சரிசெய்தால் தவறான திசையைப் பதித்துக்கொள்ளும். மேலே போனதும் ஓரிடத்தில் நிற்காமல், வட்டமடித்து வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். காம்பஸை ஊரிலேயே திறந்த வெளியில் சரிசெய்துகொண்டு போங்கள். அங்கே பாறைக்கு விலகி, மர ஸ்டூல் ஒன்றின் மேலிருந்து கிளப்புங்கள். எச்சரிக்கை வந்தால் அங்கேயே மறுபடி சரிசெய்ய முயலாமல் இடத்தை மாற்றுங்கள். அடிவாரத்தில் உருக்காலை இருப்பதால் வான்வெளி வரைபடத்தையும் அங்கே ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும்.

இனி ஏரி மண். 10 ஏக்கரில் உயர அளவு 10 சென்டிமீட்டர் பிசகினால் 4,000 கன மீட்டருக்கு மேல் கணக்கு மாறும். 100 கன அடி யூனிட்டில் சொன்னால் ஏறக்குறைய 1,430 யூனிட். அதனால் வெறும் ஜிபிஎஸ் நம்பி எடுத்த படத்தில் கொள்ளளவு சொல்லவே கூடாது. அதன் உயரப் பிழை மீட்டர் கணக்கில் போகும்.

20 மெகாபிக்சல், ஒரு இஞ்ச் சென்சார் கேமரா 60 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பிக்சலுக்கு 1.6 சென்டிமீட்டர் தரும். ஒரு படத்தில் 90-க்கு 60 மீட்டர் நிலம் அடங்கும். முன்பின் 80 விழுக்காடு, பக்கவாட்டில் 70 விழுக்காடு மேற்பொருந்த வேண்டுமானால் 12 மீட்டருக்கு ஒரு படம், 27 மீட்டருக்கு ஒரு வரிசை. 50 ஏக்கர் ஏரிக்கு 600 படங்களுக்குச் சற்று மேல் வரும். நொடிக்கு 5 மீட்டர் வேகம், ஷட்டர் நொடியில் 800-இல் ஒரு பங்கோ அதைவிட வேகமாகவோ இருந்தால் படம் கலங்காது. எல்லாப் படத்தையும் நேர்கீழாகவே எடுத்தால், அவற்றை இணைத்து உயரம் கணக்கிடும் மென்பொருள் தட்டையான ஏரிப் படுகையைக் கிண்ணம்போல் வளைத்துவிடும். கேமராவை 20 முதல் 30 டிகிரி சாய்த்து, குறுக்கு வரிசையில் இன்னொரு முறை பறந்தால் வளைவு போய்விடும்.

தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளுக்கு, அதாவது படத்தில் தெரியும்படி தரையில் வைத்துத் துல்லியமாக அளக்கும் குறிகளுக்கு, விலை உயர்ந்த பலகை தேவையில்லை. ஃப்ளெக்ஸ் கடையில் கருப்பு வெள்ளைக் கட்டம் அச்சிட்ட 60 சென்டிமீட்டர் சதுரம் போதும். ஆடு மாடு மிதித்து நகர்த்திவிடும் என்பதால் நான்கு மூலையிலும் ஆணி அடியுங்கள். 50 ஏக்கருக்கு எட்டுப் புள்ளிகள், கரையோரமும் நடுப்படுகையும் அடங்கும்படி. இவற்றைச் சர்வே ஆஃப் இந்தியாவின் கோர்ஸ் நிலையம் (எப்போதும் இயங்கும் நிலையான ஜிபிஎஸ் நிலையம்) தரும் திருத்தத்தோடு, சென்டிமீட்டர் அளவில் துல்லியம் தரும் ஆர்டிகே ஜிபிஎஸ் கருவியில் அளக்க வேண்டும். மேலும் மூன்று புள்ளிகளை அளந்து, மென்பொருளுக்குக் கொடுக்காமல் ஒதுக்கி வையுங்கள். முடிவில் அந்த மூன்றில் வரும் பிழைதான் உங்கள் உண்மையான துல்லியம். அறிக்கையின் முதல் பக்கத்தில் அது இருக்க வேண்டும். ஜிபிஎஸ் உயரத்துக்கும் கடல் மட்ட உயரத்துக்கும் இங்கே சுமார் 90 மீட்டர் வித்தியாசம் உண்டு. அது கலந்துவிட்டால் உடனே தெரிந்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு இந்த வித்தியாசத்தைக் கணக்கிட உதவும் ஜியாய்டு மாதிரியில் இரண்டு வெவ்வேறானவற்றைப் போட்டால் வரும் சிறு பிழைதான் கண்ணுக்குத் தப்பும்.

சீமைக்கருவேலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ட்ரோன் பார்ப்பது புதரின் தலையைத்தான். 2 ஏக்கரில் 3 மீட்டர் உயரப் புதர் அடர்ந்திருக்கும்போது முதல் அளவையும், அதை வெட்டியபின் இரண்டாவது அளவையும் எடுத்தால், ஒரு கூடை மண் எடுக்காமலே 24,000 கன மீட்டர் காணாமல் போனதாகக் கணினி சொல்லும். மண் எடுப்பவர்மீது பொய்ப் பழி விழும். அல்லது உண்மையான திருட்டு இந்தக் குழப்பத்தில் தப்பிக்கும். முதல் அளவை புதரை அகற்றிய பிறகு, மண்வெட்டி படும் முன் நடக்க வேண்டும். தண்ணீர் நிற்கும் ஏரியில் படுகை தெரியாது. கோடையில், வறண்டிருக்கும்போதே அளந்துவிட வேண்டும்.

நீர்நிலையைப் படமெடுக்கக் காலை 9 மணிக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. ஏப்ரல், ஆகஸ்ட் மாதங்களின் மூன்றாம் வாரத்தை ஒட்டி நண்பகலில் சூரியன் நமக்கு நேர்மேலே வருகிறது. அப்போது தண்ணீர் கண்ணாடியாகப் பளபளக்கும், ஆகாயத்தாமரைகூடப் பிரித்தறிய வராது. மூக்கனேரித் திட்டுகளில் பறவைகள் கூடு கட்டும் காலத்தில் அவற்றின் மேல் பறக்கவே வேண்டாம். திருமணிமுத்தாற்றில் நுரையும் நிறமும் எந்த வாய்க்காலிலிருந்து வருகின்றன என்று ட்ரோன் காட்டும். அமில காரத் தன்மையையோ உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவையையோ நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. படம் காட்டிய இடத்தில் இறங்கி நீர் மாதிரி எடுத்தாக வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது இரண்டு. மண் எடுக்க அனுமதி தரும் ஒவ்வொரு ஏரியிலும் கரை, மதகு, கலிங்கு ஆகிய இடங்களில் நிரந்தர அளவைக் கற்கள் நட்டு, அவற்றின் ஆர்டிகே அளவை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். கலிங்கின் மேல்மட்டம் ஆண்டுக்கு ஆண்டு மாறாது. எவர் அளந்தாலும் அந்த மட்டம் பொருந்துகிறதா என்று பார்த்தாலே அளவையின் யோக்கியதை தெரிந்துவிடும். இரண்டாவது, அளப்பவர்கள் ஒட்டிய வரைபடத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாமல், மூலப் படங்கள், பறப்புப் பதிவுக் கோப்பு, யுஐஎன், அன்றைய வான்வெளி ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் நீர்வளத் துறையிடமோ வட்டாட்சியரிடமோ ஒப்படைத்து ரசீது பெறும் நடைமுறையை, அடுத்த கோடையில் மண் எடுப்பு தொடங்கும் முன் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
ட்ரோன் நில அளவைப் பணியில் உள்ள வாசகர்,
கன்னங்குறிச்சி, சேலம்.